கீத் கூப்பிட்டால் வெளியே ஓடவேண்டும்

1. முதல் மாலை

கீத் எங்கள் கழகத்துக்கு வந்தது மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. பனி உருகி, கோல் கம்பங்களைச் சுற்றிச் சேறு கிடந்தது. நாட்களைக் குறித்து வைப்பது என் பழக்கம். ஆனாலும் இந்தக் குறிப்பில் ஆண்டுகளையும் கழகத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். இதில் வருகிறவர்கள் பெரும்பாலும் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். டென்மார்க்கில் இக்காஸ்டுக்கும் சில்க்போர்க்குக்கும் இடையில் ஒரு சிறிய ஊர், இரண்டு புல் மைதானங்கள், உடை மாற்ற ஒரு செங்கல் கட்டடம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

நான் அப்போது இக்காஸ்டில் ஒரு சாயத் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். மாலையில் கழகத்தின் மூன்றாவது உதைபந்தாட்ட அணியில் விளையாடினேன். பின்னர் தொழிற்சாலை மூடப்பட்டது. கொம்யூன் என்று இங்கே சொல்லும் நகரசபையில் மைதானப் பராமரிப்பு வேலை கிடைத்தது. புல் வெட்டுவது, கோடு போடுவது, வலை கட்டுவது. ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன். கீத்துக்கு உதவிப் பயிற்றுநராக இருந்தது சம்பளமில்லாத இரண்டாவது வேலை. இரண்டில் எது உங்கள் தொழில் என்று யாராவது கேட்டால் இரண்டாவதைச் சொல்வேன்.

கீத் வட இங்கிலாந்தில் ஒரு ஆலை நகரத்துக்காரர். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு உள்ளூர்க் கழகத்தில் பயிலுநராகச் சேர்ந்து, நான்காம் பிரிவில் சென்டர் ஹாஃப், அதாவது பின்வரிசையின் நடுத் தடுப்பாட்டக்காரர், ஆனவர். பெரிய கழகம் எதிலும் ஆடியதில்லை. முழங்கால் போன பிறகு, சனிக்கிழமை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை கூரை வேலைக்குப் போகிற கீழ்மட்ட லீக்குகளில் சில பருவங்கள் காலம் தள்ளினார். ஹன்னே என்ற டேனிஷ் பெண்ணைக் கல்யாணம் செய்து இங்கே வந்தபோது, தலைமுடி முன்பக்கம் கொட்டத் தொடங்கியிருந்தது. நெற்றியில் தையல் தழும்புகள் தெரிந்தன.

அன்று மாலை கழகத் தலைவர் அவரை "இங்கிலாந்துத் தொழில்முறை ஆட்டக்காரர்" என்று அறிமுகப்படுத்தினார். கீத்துக்கு அப்போது டேனிஷ் தெரியாது. ஆங்கிலத்தில் சொன்னார்: "பெரிய ஆட்டக்காரன் எண்டு நினைச்சுக் கூப்பிட்டிருந்தால் இப்பவே சொல்லிப்போடுங்கோ. கடைசி பஸ் இன்னும் போகேல்லை."

அவர்கள் டேனிஷிலும் ஆங்கிலத்திலும் பேசியவற்றை நான் எங்கள் பேச்சில்தான் எழுதுகிறேன். என் காதில் அவை அப்படித்தான் நிற்கின்றன.

அவருடைய வடக்கத்தி ஆங்கிலம் மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் பாதியைப் பிடித்தேன், சிரித்தேன். சிரித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், மொழிபெயர்ப்பு வேலை என் தலையில் விழுந்தது. உதவிப் பயிற்றுநர் பதவி அப்படித்தான் தொடங்கியது.

2. கயிறு

கீத்தின் முழுப் பயிற்சி முறையையும் எழுத இங்கே இடமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து முடிந்தது.

பின்வரிசையில் நான்கு பேர் நிற்பார்கள். பந்து அனுப்பப்படும் கணத்தில் அந்த வரிசையைத் தாண்டி நிற்கிற எதிரணிக்காரன் ஒஃப்சைட், அவன் பந்தை ஆட முடியாது. எதிரணியின் முன்வரிசைக்காரர்களை ஒஃப்சைட்டில் மாட்ட வேண்டுமென்றால், நான்கு பேரும் ஒரே கணத்தில் முன்னால் ஓட வேண்டும். ஒருவன் அரை அடி பிந்தினாலும் பொறி பாழ். கீத் அந்த நான்கு பேரையும் இடுப்பில் ஒரே கயிற்றால் கட்டினார். தொழிற்சாலையில் துணி மூட்டை கட்டுகிற கயிறு, நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். கீத் கோட்டுக்கு வெளியே நின்று "அவுட்", கோலை விட்டு வெளியே ஓடு, என்று ஒரு சத்தம் போடுவார். நால்வரும் பாய்வார்கள். பிந்துகிறவனைக் கயிறு இழுத்துச் சேற்றில் விழுத்தும். முதல் மாதம் முழுக்க விழுந்தார்கள். பிறகு கயிறு தேவைப்படவில்லை.

எப்போது கூப்பிட வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு விதி இருந்தது. "பந்து வைச்சிருக்கிறவன்ர கண்ணைப் பாக்கவேணும். அவன் நிலத்தைப் பாத்தால் ஓடலாம். நிமிந்து உன்னைப் பாத்தால் நில்லு, பின்னுக்குப் போ."

யாரும் நெருக்காமல் நிமிர்ந்து நிற்பவன் எங்கேயும் பந்தை அனுப்பலாம். அப்போது நீங்கள் முன்னே ஓடினால், பின்னாலிருந்து ஓடிவருகிற ஒருவன் உங்களைத் தாண்டிப் போய்விடுவான். அது ஒஃப்சைட்டும் இல்லை.

ஒருமுறை ஒரு தடுப்பாட்டக்காரன், ஓடிக்கொண்டே அவனுடைய கண்ணை எப்படிப் பார்ப்பது என்று கேட்டான்.

"அது என்ர வேலை. நீங்கள் காதைத் தீட்டிவைச்சிருந்தால் போதும்" என்றார் கீத்.

அவர்களும் காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் மாறினார்கள், தந்தையர் போய் மகன்மார் வந்தார்கள், கீத் இடையில் இரண்டு தரம் விலகித் திரும்பவும் வந்தார், நாங்கள் ஒரு பிரிவு ஏறி ஒரு பிரிவு இறங்கினோம். அந்தச் சத்தம் மட்டும் மாறவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களுடன் ஆட வரும்போது அதைக் கேலியாகக் கூப்பிடுவார்கள். எங்கள் பின்வரிசை அசையாது. குரலை அறிவார்கள்.

3. கேக்

டென்மார்க்கில் வேலையிடத்திலும் கழகத்திலும் ஒரு வழக்கம் உண்டு. தவறு செய்தவன் கேக் கொண்டுவர வேண்டும். பிந்தி வந்தால் கேக், பூட்ஸை மறந்தால் கேக், நடுவருடன் வாயாடி மஞ்சள் அட்டை வாங்கினால் கேக். எங்கள் அணியில் தண்டனை நாள் வியாழக்கிழமை. பயிற்சி முடிந்து, குளித்த தலையோடு சாப்பிடுவார்கள். யாருக்குத் தண்டனை என்பதை அணித்தலைவன் மட்ஸ் அறிவிப்பான். மட்ஸ் மின்சார வேலைக்காரன், எங்கள் சென்டர் ஹாஃப், பதினெட்டு வயதிலிருந்து கீத்திடம் பழகியவன்.

கீத்தின் கடைசிப் பருவத்தின் இலையுதிர் காலத்தில், தண்டனை வரிசையாகக் கீத்துக்கே போயிற்று. விசிலை மறந்தார். வெளியூர் ஆட்டத்துக்குக் கார் ஓட்டிப் போனவர், எங்களை வேறு ஊர் மைதானத்தில் கொண்டுபோய் இறக்கினார். புதிதாக வந்த ஆட்டக்காரனை அவனுடைய பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "தம்பி, நீ" என்றே சமாளித்தார். ஒவ்வொரு தடவையும் மட்ஸ் மேசையில் தட்டித் தீர்ப்புச் சொல்ல, அறை முழுக்கச் சிரிப்பு. ஹன்னே நன்றாகக் கேக் செய்வார். ஆப்பிளும் கறுவாப்பட்டையும் போட்டது. பயிற்றுநர் இன்றைக்கும் எதையாவது மறக்க மாட்டாரா என்று பொடியன்கள் வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டார்கள். கீத்தும் சேர்ந்து சிரித்தார்.

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, கீத் கேக் தட்டோடு வந்து மேசையில் வைத்தார். அந்த வாரம் அவருக்குத் தண்டனை இல்லை. யாருக்குமே இல்லை.

"கீத், இண்டைக்கு ஏன் கேக்?" என்று மட்ஸ் கேட்டான்.

கீத் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நான் ஏதாவது செய்திருப்பன்தானே" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கேக்கை வெட்டிச் சாப்பிட்டோம்.

டிசம்பரில் கழகத்தின் நத்தார் விருந்து. என் மனைவி சாந்தி சில்க்போர்க்கில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. விருந்தில் அவளைக் கீத்துக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவள் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, உவருக்கு இது வெறும் மறதி இல்லையப்பா. மூளையில வருத்தம்."

"வயசு போனால் எல்லாருக்கும் மறக்கும்தானே."

"மறந்ததை யோசிச்சுத் தேடுறது வேற. இவர் தேடவேயில்லை. ஒவ்வொரு பேருக்கும் மனுசியின்ர முகத்தைப் பாக்கிறார். அவ வாயசைச்சுக் குடுக்கிறா. இது கனகாலமாய் நடக்குது."

4. சாமான் அறையில்

ஜனவரி நடுவில், குளிர்கால இடைவேளையில், நான் சாமான் அறையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். ஹன்னே வந்து கதவைச் சாத்தினார். அதிகம் பேசாத பெண். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

மருத்துவமனையில் பரிசோதனைகள் முடிந்துவிட்டன, நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார்கள் என்றார். மூளை சுருங்குகிற நோய். திரும்பாது. தலையால் பந்தடித்ததால் வந்ததா என்று ஹன்னே மருத்துவரைக் கேட்டிருக்கிறார். இருக்கலாம், ஒரு ஆளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே பதில். நான் இதைப் பற்றி இப்போது நிறைய வாசித்திருக்கிறேன். கீத்தைப் பற்றி நானும் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எனக்குச் சொன்ன ஒன்றை எழுதலாம். பயிலுநராக இருந்தபோது கூரையிலிருந்து ஒரு பந்தைத் தொங்கவிட்டிருப்பார்களாம். அதை நெற்றியால் அடித்தபடியே இருக்க வேண்டும், பயிற்றுநர் தேநீர் குடித்துவிட்டு வரும்வரை. கண் இருட்டும், நிறுத்தினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். மழை நாளில் பந்து கல்லாய்க் கனக்கும். இதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

ஹன்னே கடைசியாகச் சொன்னது: "ஜூன் வரைக்கும் விடுங்கோ, சிவா. பருவம் முடிய அவரே நிப்பாட்டுறன் எண்டு சொல்லியிருக்கிறார். இடையில பிடுங்கினால் அவர் ஏன் வீட்டில இருக்கிறார் எண்டு ஒவ்வொரு நாளும் நான்தான் புதுசாய்ச் சொல்லவேணும்."

கழகத் தலைவருக்கு அது சரியாகப் படவில்லை. நாங்கள் அட்டவணையின் அடியில் இருந்தோம், கீழிறங்கும் ஆபத்து இருந்தது. இப்போதே நீ பொறுப்பெடு என்று என்னிடம் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை, கழகத்தைப் பார்க்க வேண்டியவர். மட்ஸைக் கூப்பிட்டுக் கதைத்தேன். அவன் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தான். "ஜூன் வரைக்கும் நாங்கள் சமாளிப்பம்" என்றான். அணித் தெரிவை நான் செய்வேன், மாற்று ஆட்டக்காரர்களை நான் அனுப்புவேன், கீத் எப்போதும் போலக் கோட்டோரம் நிற்பார் என்று முடிவாயிற்று. மற்ற ஆட்டக்காரர்களுக்கு மட்ஸே சொன்னான். ஒரு முன்வரிசைக்காரன் மட்டும் முகம் சுளித்தான்.

குரலை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அதைப் பழுதாகக்கூடிய ஒன்றாக ஒருவரும் நினைக்கவில்லை.

5. ஜூன்

வசந்த காலம் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போயிற்று. கீத்துக்கு டேனிஷ் சொற்கள் ஒவ்வொன்றாக நழுவி, முழுதும் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டார். இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு அது ஒரு தடையில்லை. மைதானத்தில் பந்து உருளத் தொடங்கினால் அவர் பழைய ஆள்தான். "அவுட்" என்ற சத்தம் சரியான கணத்தில் வரும், நால்வரும் பாய்வார்கள், கோட்டு நடுவர் கொடியை உயர்த்துவார். ஏப்ரலிலும் மேயிலும் அதைக் காணும்போதெல்லாம், மருத்துவர்களுக்குத்தான் பிழை நேர்ந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றும்.

கடைசி ஆட்டம் ஜூன் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை, எங்கள் மைதானத்தில். காலையில் நான்தான் கோடு போட்டேன். சமநிலை கிடைத்தால் பிரிவில் தங்கலாம், தோற்றால் இறங்குவோம். ஆட்டக்காரர்களுடைய பெற்றோர், அயலவர், பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் வேலியோரம் நின்றார்கள். இது கீத்தின் கடைசி ஆட்டம் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. காரணம் பலருக்குத் தெரியாது.

ஒன்றுக்கு ஒன்று. முடிவதற்குச் சற்று முன் எதிரணியின் நடுவரிசைக்காரன் ஒருவனிடம் பந்து போயிற்று. மைதானத்தின் நடு வட்டத்தில் தனியாக நின்றான். எங்கள் ஆள் யாரும் அருகில் இல்லை. பந்தை நிறுத்தினான், நிமிர்ந்து பார்த்தான்.

"அவுட்!" என்று கீத் கூப்பிட்டார். "அவுட், பில்லி, அவுட்!"

பில்லி என்று எங்கள் அணியில் யாரும் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நான் மட்ஸைத்தான் பார்த்தேன். மட்ஸ் பந்து வைத்திருந்தவனைப் பார்த்தான். அவன் நிமிர்ந்து நிற்பது மட்ஸுக்குத் தெரிந்தது. அரைக் கணம்கூட இருக்காது. பிறகு மட்ஸ் முன்னே பாய்ந்தான், அவனோடு மற்ற மூவரும், இடுப்பில் கயிறு கட்டியவர்கள் மாதிரி, ஒரே வரிசையாக. பந்து அவர்களின் தலைக்கு மேலே போயிற்று. பின்னாலிருந்து ஓடிவந்த எதிரணிக்காரன் தன்னந்தனியாக எங்கள் கோல் காப்பாளனை நோக்கிப் போனான். கோட்டு நடுவர் கொடியை உயர்த்தவில்லை. உயர்த்த ஒன்றுமில்லை.

அவன் போட்ட கோலோடு நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம்.

உடை மாற்றும் அறையில் எல்லாரும் பூட்ஸோடு பெஞ்சில் இருந்தார்கள். கீத் கதவைச் சாத்திவிட்டு நடுவில் வந்து நின்றார். எல்லாருடைய முகத்தையும் பார்த்தார்.

"ஆர் கூப்பிட்டது?"

அவர் என் பக்கம் திரும்பினார். "சிவா, ஆர் கூப்பிட்டது?"

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குள் மட்ஸ் எழுந்தான்.

"நான்தான் கூப்பிட்டனான், கீத். எனக்குப் பிழைச்சுப்போச்சு."

கோல் காப்பாளன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மட்ஸ் அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான்.

கீத் தரையில் கிடந்த தண்ணீர்ப் போத்தல்களைச் சேர்த்தார். குந்தியிருந்து, தரையில் ஒவ்வொன்றாக நிறுத்தினார். எங்கள் நால்வர், நடு வட்டத்தில் தனியாக நின்றவன், பின்னாலிருந்து ஓடிவந்தவன். ஒரு போத்தல்கூட இடம் பிசகவில்லை. பிறகு பேசினார். பந்து வைத்திருப்பவனின் கண், நிலம், நிமிர்ந்த தலை, ஏன் நிற்க வேண்டும், ஏன் பின்வாங்க வேண்டும். அவரோடு அவ்வளவு காலம் நின்றவன் நான், அந்த விதியை இவ்வளவு தெளிவாக அவர் விளக்கிக் கேட்டதில்லை. குரலை உயர்த்தவில்லை. மட்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை.

"நீ அவனைப் பாத்தனியோ?"

"ஓம்."

"அவன் நிமிந்து நிண்டவனோ?"

"ஓம், கீத்."

"பாத்திட்டும் ஏன்?"

மட்ஸ் கண்ணைத் துடைத்தான். தோற்றதற்காக அழுகிறான் என்றுதான் கீத் நினைத்திருப்பார். எழும்பி அவனுடைய பிடரியில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

6. பிறகு

கார் நிறுத்துமிடத்தில் கழகத் தலைவர் என்னைப் பிடித்தார். "ஜனவரியில சொன்னன், நீ கேக்கேல்லை" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. முகம் சுளித்த முன்வரிசைக்காரன் வேறு கழகத்துக்குப் போய்விட்டான். அவன்மீது எனக்குக் கோபமில்லை. அவனும் ஒரு பருவம் முழுக்க ஓடியவன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, நான் கோல் வலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஹன்னே கீத்தைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். என்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்று மூன்று நாளாக நச்சரிக்கிறாராம். எத்தனையோ மறந்த மனிதர் அதை மட்டும் பிடித்து வைத்திருந்தார்.

"சிவா, அந்தப் பொடியனுக்கு நான் கொஞ்சம் கடுமையாய்ப் பேசிப்போட்டன்."

"மட்ஸுக்கோ?"

"ஓம். அவனிட்டச் சொல்லு. பின்வரிசையில நிக்கிற எல்லாரும் ஒரு நாள் அப்பிடி ஒரு பிழை விடுவினம். நானும் விட்டிருக்கிறன், இங்கிலாந்தில என்னோட நிண்ட பில்லியும் விட்டிருக்கிறான். அதுக்காக விளையாட்டை விட்டிடக் கூடாது. சொல்லுவியோ?"

சொல்லுகிறேன் என்றேன்.

மட்ஸ் அப்போது இக்காஸ்டில் ஒரு புதுக் கட்டடத்தில் வயர் இழுத்துக்கொண்டிருந்தான். நேரில் போய்ச் சொன்னேன். ஏணியிலிருந்து இறங்கிக் கேட்டான். கேட்டு முடித்ததும் கையிலிருந்த வயரைச் சுருட்டி வைத்தான். "நன்றி எண்டு சொல்லுங்கோ, விடமாட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றான். நான் போய்ச் சொன்னேன். கீத்தின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஓகஸ்டில், ஒரு பிரிவு கீழே, அணியை நான் பொறுப்பெடுத்தேன். முதல் பயிற்சியிலேயே ஒன்றை மாற்றினேன். கோட்டோரத்திலிருந்து இனி யாரும் கூப்பிட மாட்டார்கள், உள்ளே நிற்கிற நால்வரில் ஒருவன்தான் கூப்பிட வேண்டும், பிழை என்று கண்டால் மற்றவர்கள் நின்றுவிட வேண்டும் என்றேன். யார் கூப்பிட்டாலும், நான் கூப்பிட்டாலும்.

பயிற்சி முடிந்து கோல்களைத் தூக்கும்போது மட்ஸ் மெதுவாகச் சொன்னான்: "நீங்கள் சொல்லுறது சரிதான், சிவா. ஆனால் அண்டைக்கு எனக்குத் தெரியாமல் நான் ஓடேல்லை. அந்தச் சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்கேக்க, அவர் கூப்பிட்டு நாங்கள் நாலு பேரும் அசையாமல் நிண்டிருந்தால், அவருக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

இப்போது இங்குள்ள நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பயிற்றுநர் சான்றிதழ் எடுக்கிறார்கள். சிலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஒஃப்சைட் பொறியைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு மாலை போதும். கூப்பிட்டால் ஓடப் பழக்குவதும் பெரிய வேலையில்லை. அந்தக் குரல் பிழையாகக் கூப்பிடும் நாளில் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் யோசித்து வையுங்கள் என்று சொல்கிறேன். உங்களை அவ்வளவு நேசிக்கிறவர்கள், பிழை என்று கண்டும் ஓடுவார்கள்.